பெருந்தகை சேர். பொன். அருணாசலம்

செல்வத்துட் பிறந்தோர் பலர். அச்செல்வம் தந்த மதிப்பை ஏழைகளின் பொருட்டுச் செலவிட்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

மானிப்பாய் வழிவந்த பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாம் புதல்வராக 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் தேதி கொழும்பிற் பிறந்தார். சேர். பொன். இராமநாதன் இவருடைய தமையனார், சேர். முத்துக்குமாரசுவாமி தாய்மாமனார். 1870இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை புகுந்தார். அப்பொழுது இங்கிலாந்தில் கிளாட்ஸ்டனின் லிபரல் ஆட்சி நடைபெற்றது. வாக்குரிமை உடையோர் அச்சமின்றி வாக்களிக்க வழிசெய்த இரகசிய வாக்குச் சட்டம் 1872இல் நிறைவேறியபோது இவர் அங்கு மாணவர்.

1875இல் இலண்டனிற் பகிரங்கப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி, இலங்கைச் சிவில் சேவையில் அவ்வழியாற் சேர்ந்த முதல் இலங்கையரானார். பதிவாளர் நாயகமாகக் காணியுறுதிப் பதிவைச் சீர்படுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அவர் எழுதிய அறிக்கை இன்றும் போற்றப்படுகின்றது. 1913இல் ஓய்வுபெற்றார், சேர் பட்டமும் பெற்றார்.

அறுபது வயதில் பிறர் ஓய்வை நாடுவர். அருணாசலமோ அப்பொழுதுதான் மக்களிடையே இறங்கினார். 1915இல் சமூக சேவைச் சங்கம் நிறுவிக் கொழும்பின் ஏழை மக்களுக்குத் தொண்டாற்றினார். தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடும் கொடிய சட்டத்தை ஒழிக்கப் பாடுபட்டார். இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென 1906 முதலே கிளர்ச்சி செய்தார். 1921இல் சர்வகலாசாலைக் கல்லூரி தோன்றியது. திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்த சைவரும் இவரே.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் உண்டென்று சிங்களத் தலைவர்கள் எழுத்தில் அளித்த வாக்கை நம்பியே தமிழரையும் அதிற் சேர்த்தார். வாக்குக் காக்கப்படவில்லை. 1921இல் தாம் வளர்த்த காங்கிரசை விட்டு வெளியேறினார்.

நம்பியது அவர் பிழையோ என்று வினவுவோர் நம்மிடையே உளர். அன்று என்பதே எம் கருத்து. வாக்கை நம்புதல் பெருந்தன்மை. வாக்குத் தவறுதலே பிழை. மனம் நொந்தும் அவர் பொதுப்பணியைக் கைவிட்டாரல்லர். 1923இல் இலங்கைத் தமிழ் மக்கள் சங்கத்தை அமைத்தார். தலயாத்திரை சென்றவிடத்து, 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் தேதி மதுரையிற் சிவபதமடைந்தார்.

இளைஞர்காள்! பட்டமும் பதவியும் அவருக்குப் பிறப்பாலும் கல்வியாலும் வந்தன. தொண்டு மட்டும் அவர் தாமே தேர்ந்துகொண்டது. முன்னவை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பின்னது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. சங்கத்தின் பேரால் நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கையேனும் காப்போமாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் அஞ்சலி.