குதிரையின் வாயை விடுவித்த இராணுவ அதிகாரி

ஒலிம்பிக் போட்டிகளில் குதிரை தடையைத் தாண்டும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். குதிரை மேலெழும்போது அதன்மேல் இருப்பவர் சேணத்தைவிட்டுச் சற்று எழுந்து முன்னோக்கிக் குனிகிறார். அவருடைய கைகள் குதிரையின் கழுத்தோடு முன்னே செல்கின்றன. இது இயல்பான ஒரு காரியமாகவே நமக்குத் தோன்றும். ஆனால் சுமார் 130 வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பாவின் எந்தக் குதிரைப்படைப் பள்ளியிலும் இப்படிக் குனிந்தவர் தண்டிக்கப்பட்டிருப்பார். இந்த மாற்றத்துக்குக் காரணமானவர் பெடரிகோ கப்ரில்லி என்ற இத்தாலிய அதிகாரி.

இங்கிலாந்தின் கிராமப்புறத்திலுள்ள குதிரை லாயமொன்றில் நான் சில வருடங்கள் வேலை செய்தேன். சாணம் அள்ளுவது, வைக்கோல் விரிப்பது, காலையில் குதிரைகளைப் புல்வெளிக்குக் கொண்டுபோவது ஆகியவைதான் என் வேலைகள். கப்ரில்லியின் பெயரை அங்குதான் முதன்முதலில் கேட்டேன். பிறகு அவரைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன்.

கப்ரில்லி 1868ஆம் ஆண்டு இத்தாலியின் துறைமுக நகரான லிவோர்னோவில் பிறந்தார். சிறுவயதிலேயே இராணுவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட அவர், மொடேனா இராணுவ அக்கடமியில் பயின்று 1888இல் குதிரைப்படை அதிகாரியானார். அதன்பின் பினெரோலோ குதிரைப்படைப் பள்ளிக்கும், ரோம் நகருக்கு அருகே டோர் டி குயின்டோவில் இருந்த பள்ளிக்கும் பயிற்சிக்காகச் சென்றார். டோர் டி குயின்டோ பள்ளி 1891இல் ஆரம்பிக்கப்பட்டது. மதில் சூழ்ந்த மைதானத்தைவிட்டு வெளியேறி மேடு, பள்ளம், வேலி, கால்வாய் என்று எல்லாவற்றையும் கடந்து சவாரி செய்யப் பழக்கிய இடம் அது.

அன்றைய முறை எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் செய்த காரியம் விளங்கும். தடையை நெருங்கும்போது சவாரி செய்பவர் கால்களை முன்னே நீட்டி, உடலைப் பின்னால் சாய்த்து, கடிவாள வாரை இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்படிச் சாய்ந்தால் குதிரையின் முன்னங்கால்களில் பாரம் குறையும், அது பத்திரமாகத் தரையிறங்கும் என்று நம்பினார்கள். பள்ளிகளில் இதுவே பாடம். ஓவியங்களிலும் வீரர்கள் இப்படித்தான் சாய்ந்திருப்பார்கள்.

கப்ரில்லி புத்தகத்தை விட்டுவிட்டுக் குதிரையைக் கவனித்தார். மேலே ஆள் இல்லாமல், கடிவாளம் இல்லாமல் குதிரை தானாகத் தாண்டும்போது என்ன செய்கிறது? கழுத்தை முன்னே நீட்டுகிறது, முதுகை வளைக்கிறது, பின்னங்கால்களால் உந்துகிறது, முன்னங்கால்களில் இறங்குகிறது. மனிதன் எவ்வளவு பின்னால் சாய்ந்தாலும் அது முன்னங்கால்களில்தான் இறங்கும். சாய்வதால் நடப்பது வேறு. அவனுடைய முழுப்பாரமும் குதிரையின் இடுப்பில் விழுகிறது. குதிரை கழுத்தை நீட்ட முயலும் அதே கணத்தில் வாயிலுள்ள இரும்பு அதன் ஈறையும் நாக்கையும் வெட்டி இழுக்கிறது. இப்படிப் பத்துத் தடவை நடந்தால், பதினோராவது தடவை குதிரை தடையைக் கண்டதும் நின்றுவிடும். தடை உயரம் என்பதால் அது நிற்பதில்லை. தடைக்கு அப்பால் வலி காத்திருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டதால் நிற்கிறது.

அதுவரை அப்படி நின்ற குதிரையைப் பிடிவாதக் குதிரை என்றார்கள், சவுக்கை எடுத்தார்கள். தவறு குதிரையிடம் இல்லை, மேலே இருப்பவனிடம் இருக்கிறது என்றே கப்ரில்லியின் அவதானிப்பு காட்டியது. ஒரு படைக்கு இதை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. அதுவரை கற்பித்த ஆசான்கள் அனைவரும் பிழையாகக் கற்பித்தார்கள் என்றாகிவிடும்.

அவர் தீர்வாக வைத்தவை எளியவை. அங்கவடியின் வாரைக் குட்டையாக்குவது, குதிக்காலைத் தாழ்த்தி முழங்காலால் நிலைகொள்வது, சேணத்தைவிட்டு எழுந்து குதிரையின் அசைவோடு முன்னே செல்வது, கையைக் குதிரையின் வாய் போகுமிடத்துக்குப் போகவிடுவது. இளம் குதிரைகளைப் பழக்குவதிலும் அவர் வேறு வழியில் போனார். மைதானத்துக்குள் வட்டமாகச் சுற்றவைத்து, கழுத்தை வளைத்துக் கட்டி, அழகு காட்டப் பழக்கும் முறையை அவர் போர்க்குதிரைக்குத் தேவையற்றதாகக் கருதினார். குதிரை தன் சமநிலையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் திறந்த வெளியும், சிறிய தடைகளும், அவசரப்படாத நாட்களும் போதும்.

1901இல் குதிரைப்படைச் சஞ்சிகையில் தன் கருத்துகளைக் கட்டுரையாக வெளியிட்டார். எழுத்தில் அவருக்கு நாட்டம் குறைவு. பெரிய நூலொன்றை அவர் விட்டுச்செல்லவில்லை. மேலதிகாரிகள் பலர் நீண்டகாலம் அவருடைய முறையை ஏற்கவில்லை. கடைசியில் வாதத்தைவிடக் குதிரைகளே அவருக்குச் சாட்சியாயின. அவர் பழக்கிய வீரர்களின் குதிரைகள் மறுக்காமல் தாண்டின, குறைவாகக் காயப்பட்டன. 1902இல் துரின் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் மெலோபோ என்ற குதிரையில் 2.08 மீற்றர் உயரத்தைத் தாண்டிக் காட்டினார். அதன்பின் பினெரோலோவில் அவருடைய முறையே பாடமானது.

இதையெல்லாம் வாசித்தபின் லாயத்தில் நான் கண்ட ஒரு விடயம் எனக்கு நன்றாக விளங்கியது. ஐந்து வயதுப் பெண்குதிரை ஒன்று அங்கு வந்தது. வேறோர் இடத்தில் அவசரமாகப் பழக்கப்பட்டிருந்தது. தரையில் கிடந்த தடியைக் கண்டாலே தலையைத் தூக்கிப் பின்வாங்கும். அதை வாங்கியவர் ஒரு வைத்தியசாலைத் தாதி. வார நாட்களில் இரவு வேலை, ஓய்வு நாட்களில் குதிரை. ஈவென்டிங் எனப்படும் மூன்று பகுதிப் போட்டியில் கலந்துகொள்வது அவருடைய ஆசை. முதலில் கட்டளைப்படி ஒழுங்காக நடப்பது, அடுத்து வயல்வெளியில் நிலையான தடைகளைத் தாண்டி ஓடுவது, பின்னர் மைதானத்தில் தட்டினால் விழும் தடிகளைத் தாண்டுவது. இதுவும் குதிரைப்படை அதிகாரிகளைச் சோதிக்க உருவான போட்டிதான். இன்று இங்கிலாந்தில் 80 சென்ரிமீற்றர் உயரத் தடைகளோடு சாதாரண மக்களுக்காகவும் நடக்கிறது.

அந்தப் பெண்மணி பல மாதங்கள் எதையும் தாண்டவில்லை. தரையில் கிடந்த தடிகள்மேல் குதிரையை நடக்கவிட்டார், பிறகு மெதுவாக ஓடவிட்டார். சிறு தடை வந்ததும் கடிவாளத்தைத் தளர்த்திப் பிடரிமயிரைப் பிடித்துக்கொள்வார். கை தவறியும் வாயை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒருநாள் அந்தக் குதிரை காதுகளை முன்னே வைத்துத் தானாகத் தடையை நோக்கிப் போனது. வேலியருகே நின்ற நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். அடுத்த கோடையில் அவர்கள் தங்கள் முதல் போட்டியில் வயல்வெளித் தடைகள் எல்லாவற்றையும் ஒரு மறுப்பும் இல்லாமல் கடந்தார்கள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அவர் அழுதுகொண்டே குதிரையைத் தண்ணீரால் கழுவினார்.

கப்ரில்லிக்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. 1907 டிசம்பர் 6ஆம் திகதி துரின் நகரில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அப்போது அவர் தடை எதையும் தாண்டிக்கொண்டிருக்கவில்லை. வயது 39.

அவர் இறந்தபின் அவருடைய முறை உலகம் முழுவதும் பரவியது. பல நாடுகளின் அதிகாரிகள் இத்தாலிக்கு வந்து பயின்றார்கள். 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் தனிநபர் தடைதாண்டலில் தங்கமும் வெள்ளியும் இத்தாலியர்களுக்கே கிடைத்தன. 1932 லொஸ் ஏஞ்சல்ஸில் அதே போட்டியில் வெள்ளி வென்ற அமெரிக்கரான ஹரி சேம்பர்லின் இத்தாலியில் பயின்றவர். தங்கம் வென்ற ஜப்பானியரான தகெய்ச்சி நிஷி ஏறிவந்த ஊரானஸ் இத்தாலியில் வாங்கப்பட்ட குதிரை.

இந்தக் கதையில் என்னை உறுத்தும் ஒன்றும் உண்டு. கப்ரில்லி குதிரையின் வலியைக் குறைத்தது அதைச் சிறந்த போர்க்கருவி ஆக்குவதற்காக. அவர் இறந்து ஏழு வருடங்களில் வந்த முதலாம் உலகப்போரில் இயந்திரத் துப்பாக்கியும் முட்கம்பியும் குதிரைப்படைகளின் காலத்தை முடித்துவைத்தன. போரைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைக் கடந்துபோக முடியவில்லை. எந்த நோக்கத்துக்காக அவர் அந்த அறிவைத் தேடினாரோ அந்த நோக்கம் அழிந்துவிட்டது. அறிவு மட்டும் மிஞ்சியது.

அதிகாரிகளுக்கு மட்டும் உரியதாயிருந்த ஒலிம்பிக் ஈவென்டிங்கில் 1964இல் டோக்கியோவில் முதன்முறையாக ஒரு பெண், அமெரிக்கரான லானா டு பொன்ட், பங்குபற்றினார். இன்று ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் சமமாக மோதும் விளையாட்டு இது. ஆனாலும் வாயை இறுகக் கட்டி, இழுத்துப் பிடித்துக் குதிரையை வெல்ல நினைப்பவர்களை இன்றும் மைதானங்களில் காணலாம். குதிரை மறுத்தால் முதலில் தன் கையைப் பார்க்க வேண்டும் என்ற கப்ரில்லியின் பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது.