'கட்டுமரம்' இங்கிலீஷுக்குப் போன கதையைத் தேதியோடு எழுதியவர்: யார் இந்த ஹென்றி யூல்?

டெல்லியில் வேலை பார்க்கிறீர்களா? உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் மேற்கு யமுனைக் கால்வாய் வழியாக வந்ததாக இருக்கலாம். 1840-களில் இந்தப் பக்கத்து முகலாயர் காலத்துக் கால்வாய்களைச் சீரமைக்கும் வேலையில் ஓர் இளம் ராணுவ இன்ஜினியர் இருந்தார். பெயர் ஹென்றி யூல். ஆனால் அவரை இன்று நாம் தேடுவது தண்ணீருக்காக இல்லை, சொற்களுக்காக.

1820-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த யூல், இரண்டு சீக்கியப் போர்களையும் பார்த்தவர். 1862-ல் ஓய்வு பெற்று இத்தாலியின் பலெர்மோவில் குடியேறினார். மார்கோ போலோவின் பயணநூலை விரிவான குறிப்புகளோடு 1871-ல் வெளியிட்டார்.

அடுத்த வருடம் லண்டனில் ஆர்தர் பர்னெலைச் சந்தித்தார். பர்னெல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர். பின்னாளில் தஞ்சாவூரில் நீதிபதி. அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் அவர்தான். இந்தியாவிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்களை இருவருமே தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கைகோத்தார்கள். மீதி வேலை கடிதத்திலேயே நடந்தது. 1882-ல், 42 வயதில் பர்னெல் இறந்துவிட்டார். யூல் விடவில்லை. தனியாளாக முடித்து, 1886-ல் இருவர் பெயரிலும் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைக் கொண்டுவந்தார்.

அது வெறும் அர்த்தம் சொல்லும் புத்தகம் இல்லைங்க. ஒவ்வொரு சொல்லையும் எந்த வருடம், யார், எப்படி எழுதினார் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நம்ம பாஷையில் சொன்னால், தேதி போட்ட டேட்டாசெட். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' சூப் ஆனது எல்லாம் அதில் உண்டு. இந்தியிலிருந்து போன 'லூட்', 'ஷாம்பூ', 'பங்களோ'வும்தான்.

நான் அதிகம் நின்று படித்தது 'பரையா' என்ற சொல்லை. பறை என்ற மேளத்திலிருந்து வந்தது, தமிழகத்தின் ஒரு பெரிய சமூகத்தின் பெயர், அதை ஐரோப்பியர் 'ஒதுக்கப்பட்ட எவரும்' என்று நீட்டியது தவறு என்று அன்றே பதிவாகிவிட்டது. அந்தக் குறிப்பிலும் அக்காலத்து சாதிப் பார்வை இருக்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. யூல் 1889-ல் இறந்தார். இங்கிலீஷோ தவறான அர்த்தத்தையே வைத்துக்கொண்டது. இன்றும் 'பரையா ஸ்டேட்' என்று தலைப்பு வருகிறது. ஒரு சமூகத்தின் பெயரை வசவாக்கும் அந்தத் தலைப்பை நான் போடுவதில்லை. 'ஐசொலேட்டட்' என்றாலே போதும், வேலை முடிந்துவிடும்.