காட்டிக் கொடுத்த துளி

1988-ம் ஆண்டு. சியோல் ஒலிம்பிக் பந்தயம். கனடா வீரர் பென் ஜான்சன் 100 மீட்டர் தூரத்தை 9.79 விநாடியில் ஓடி உலகைத் திகைக்க வைத்தார். மூன்றே நாளில் அவருடைய தங்கப் பதக்கம் பறிபோயிற்று! காட்டிக் கொடுத்தது எது? அவருடைய சிறுநீர்.

இந்தச் சோதனைகளுக்கு வழி வகுத்தவர்களுள் முக்கியமானவர் மான்பிரெட் டோனிக்கே. ஜெர்மனியில் 1933-ல் பிறந்தவர். வாலிபத்தில் சைக்கிள் பந்தய வீரர். பிறகு ரசாயனம் பயின்று கொலோன் நகரில் பேராசிரியரானார்.

ஸ்டானோசொலால் என்ற ஊக்க மருந்து உடம்பில் அப்படியே தங்குவதில்லை. கல்லீரல் அதை வேறு பொருள்களாக மாற்றிவிடும். ஆகவே சிறுநீரில் மருந்தைத் தேடினால் அகப்படுவது அரிது. அந்த மாற்றுப் பொருளைத்தான் தேட வேண்டும். அப்படித் துருவிப் பிடிக்கும் முறைகளை வளர்த்தவர் டோனிக்கே.

பானத்தில் யாரோ மருந்தைக் கலந்துவிட்டதாக ஜான்சன் தரப்பில் வாதாடினார்கள். டோனிக்கே விடவில்லை. வீரரின் உடலில் இயற்கையாக ஊறும் ஹார்மோன்கள் குன்றியிருப்பதைக் காட்டி, இது ஒரு நாள் வேலை அல்ல, நெடுநாள் பழக்கம் என்று எடுத்துரைத்தார். மறு வருஷம் விசாரணையில் ஜான்சனே உண்மையை ஒப்புக்கொண்டார்.

1995 ஆகஸ்டில், விமானப் பயணத்தின்போது மாரடைப்பால் டோனிக்கே காலமானார். வயது 61. பந்தயத்தில் வியர்வை சிந்தியவர் அல்லவா? திருட்டு வெற்றியை அவரால் சகிக்க முடியவில்லை போலும்!