தகட்டில் இல்லாத பொவேரி



நம்ம மெஷின்ஸ் லேப் மூலையில் ஒரு பழைய மோட்டார் கிடக்கிறதே, அதன் தகட்டைப் படித்திருக்கிறீர்களா? 'பிரவுன் பொவேரி' என்றிருக்கும். யாரப்பா இந்தப் பொவேரி என்று நூலகத்தில் தேடினேன். 1891-ல் சுவிட்சர்லாந்தில் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் வால்ட்டர் பொவேரி. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவர் அவருடைய அண்ணன் தியோடர்!

தியோடர் பொவேரி 1862-ல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் ஒரு டாக்டர் வீட்டில் பிறந்தார். மியூனிக்கில் வரலாறு படிக்கச் சேர்ந்தவர், பாதியில் உயிரியல் பக்கம் வந்துவிட்டார். 1885-ல் கிடைத்த உதவித்தொகை அவரை நிம்மதியாக ஆராய்ச்சி செய்ய வைத்தது. ஸ்காலர்ஷிப்பில் படிக்கும் எனக்கு அதன் அருமை தெரியும்.

குதிரைக் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல் பிரியும்போது இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி. அங்கிருந்து போகும் இழைகள் குரோமோசோம்களைச் சமமாகப் பங்கு போடுகின்றன. அந்தப் புள்ளிக்கு 1888-ல் 'சென்ட்ரோசோம்' என்றும், அதன் உள்ளே இருப்பதற்கு 1895-ல் 'சென்ட்ரியோல்' என்றும் பெயர் வைத்தார். ஒவ்வொரு முறையும் ஒன்று இரண்டாகும். அவ்வளவுதான், அதற்கு மேல் கூடாது.

கூடினால்? கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகும்படி செய்தார். சென்ட்ரோசோம் நான்காகி நாலு பக்கமும் இழுத்தன. பங்கு தாறுமாறானது, கருக்கள் பெரும்பாலும் கெட்டுப்போயின. இதை 1902-ல் வெளியிட்டார். புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம் என்று 1914-ல் ஒரு நூலே எழுதினார். அன்று அதைப் பலர் நம்பவில்லை. உடல்நலம் கெட்டு, பெர்லினில் தேடி வந்த பெரிய பதவியையும் மறுத்தவர், 1915-ல் 53 வயதில் மறைந்தார். அவருடன் ஆராய்ச்சி செய்த மனைவி மார்செல்லா 1929-ல் அந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

2005-ல்தான் காவல்காரன் அகப்பட்டான்: பிஎல்கே4 என்ற நொதி. அது குறைந்தால் புதுச் சென்ட்ரியோல் முளைக்காது. மிஞ்சினால் பல முளைத்துவிடும். பழையதோடு புதியது ஒட்டியிருக்கும்வரை இன்னொன்றுக்கு அனுமதியும் இல்லை. சென்ட்ரோசோம் மிகுந்தாலே கட்டி வரக்கூடும் என்று 2017-ல் எலிகளில் காட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாயி புற்றுநோயில் போனபோது, சித்தி வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பேசி, போக்குவரத்தே நின்றுபோயிற்று. விசைத்தறி ஓட்டும் அம்மாவிடம் பொவேரி கதையைச் சொன்னேன். நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால் பாவு என்னத்துக்கு ஆகும் என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, அப்படின்னா யாரும் எதுவும் செய்யலையா என்று மெல்லக் கேட்டார். புற்றுநோய்க்குக் காரணம் பல உண்டு, செய்வினை அதில் இல்லை என்றேன்.

இந்தப் பொங்கலுக்குச் சித்தி வீட்டுக்குப் போய் வந்தோம்.