பாடசாலைப் பரிசோதகர் மாத்யூ ஆர்னால்டு

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். நெல்லின் அளவை மரக்கால் காட்டும். ஒரு பாடசாலையின் தரத்தைக் காட்டும் கருவி யாது? தேர்வில் தேறினோர் தொகையே அக்கருவி என்பர் பலர். கிறிஸ்தவர்களாகிய நாமோ, மிஷன் பாடசாலை என்னும் பெயர் ஒன்றே போதுமான நற்சான்று என்று சில வேளைகளில் எண்ணி மகிழ்கின்றோம். இவ்விரண்டு எண்ணங்களையும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியிற் சோதித்துப் பார்த்து, இரண்டும் போதா என்று கண்ட பெரியார் ஒருவர் உண்டு. ஆங்கில இலக்கியம் பயில்வோர் அவரைப் புலவராகவும் திறனாய்வாளராகவும் அறிவர். ஆனால் அவருக்குச் சோறிட்டது புலமையன்று. கிறிஸ்தவ சபையார் நடத்திய எளிய பாடசாலைகளை 35 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று பார்வையிட்ட பரிசோதகர் உத்தியோகமே அவர் குடும்பத்தைக் காத்தது. அவரே மாத்யூ ஆர்னால்டு. அவர் வாழ்க்கையின் இப்பகுதியையே ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

ஆர்னால்டு 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள லேல்ஹம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் டாக்டர் தாமஸ் ஆர்னால்டு ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். 1828-இல் ரக்பி பாடசாலையின் தலைமையாசிரியராகி, அதன் புகழை நாடெங்கும் பரப்பியவர். கிறிஸ்தவப் பாடசாலை என்பது வேதபாட வேளையில் மட்டும் கிறிஸ்தவமாயிருப்பதன்று, விளையாட்டிலும் ஒழுக்கத்திலும் கல்வியிலும் அவ்வாறிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இத்தகைய தந்தையாரின் நிழலில் வளர்ந்த மைந்தரோ, விஞ்செஸ்டரில் ஓராண்டும் பின் ரக்பியிலும் பயின்று, 1841-இல் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரி புகுந்த காலத்தில், அழகிய உடையும் நகைச்சுவைப் பேச்சுமாகத் திரிந்த இளைஞராகவே காணப்பட்டார். 1842-இல் தந்தையார் இருதய நோயால் திடீரெனக் காலமானார். 1843-இல் மைந்தர் கவிதைக்குரிய பல்கலைக்கழகப் பரிசு பெற்றார்; ஆயினும் 1844-இல் நடந்த ஆனர்ஸ் தேர்வில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பே. மறு ஆண்டிலேயே ஓரியல் கல்லூரி அவரைத் தன் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. பிற்காலத்தில் பிறருடைய தேர்ச்சியை அளக்கப் புகுந்தவர், தேர்வு ஒன்று ஒரு மனிதனை முற்றும் அளந்துவிடாது என்பதைத் தம்மிடத்திலேயே முதலிற் கண்டார் என்னலாம்.

1847 முதல் லான்ஸ்டௌன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராயிருந்த ஆர்னால்டு, நீதிபதி ஒருவரின் புதல்வியாகிய பிரான்சிஸ் லூசி வைட்மன் என்பாரை மணக்க விரும்பினார். மணத்திற்கு நிலையான வருவாய் வேண்டும். ஆகவே 1851-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கப் பாடசாலைப் பரிசோதகர் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டு, ஜூன் மாதத்தில் மணம் புரிந்தார். தாம் இப்பணியை விரும்பித் தேடவில்லை, இல்லறத்தின் பொருட்டே ஏற்றதாகப் பிற்காலத்தில் அவர் மறைக்காது ஒப்புக்கொண்டார். விரும்பாது ஏற்ற பணியை விசுவாசத்தோடு செய்து முடித்தாரே, அதுவே அவர் வாழ்க்கையில் நாம் கண்டு வியக்கும் முதற்பண்பு.

அக்காலத்து இங்கிலாந்தின் கல்வி நிலையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தானே பாடசாலை நடத்தவில்லை. திருச்சபையாரும், திருச்சபையைச் சாராத பிற சபையாரும், கத்தோலிக்கரும் தத்தம் செலவிற் பாடசாலைகளை நிறுவினர். அரசாங்கம் 1833 முதல் உதவித்தொகை அளித்தது. 1839 முதல் பரிசோதகர்களை நியமித்தது. ஒவ்வொரு சபையாரும் தமக்கு உடன்பாடானவரையே பரிசோதகராக ஏற்றனர். திருச்சபைப் பாடசாலைகளுக்குக் குருமார் சென்றனர். குருப்பட்டம் பெறாத ஆர்னால்டுக்கு வெஸ்லியன் சபையார் பாடசாலைகளும், பிரிட்டிஷ் அயல்நாட்டுப் பாடசாலைச் சங்கத்தைச் சார்ந்த பாடசாலைகளும் வாய்த்தன. இவ்வாறு திருச்சபைக் குருவின் மைந்தர், திருச்சபைக்குப் புறம்பானவர்களின் பாடசாலைகளைத் தூக்கிப் பார்க்கும் துலாக்கோலை ஏந்தலானார்.

அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட வட்டகை மிகப் பெரிது. இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்கள் பலவும் வேல்ஸ் நாட்டின் பகுதியும் அதில் அடங்கின. நிலையான வீடின்றி, மனைவியாரும் உடன்வர, இரயிலிலும் விடுதியிலும் அவர் நாட்கள் கழிந்தன. அவர் குழந்தைகளுள் ஒன்று டார்பி நகரத்து வாடகை அறையொன்றிலே பிறந்தது. பகலெல்லாம் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்பார். இரவில் விடைத்தாள்களைத் திருத்துவார். அந்த இடைவெளிகளிலேதான் அவருடைய கவிதைகள் பல உருவாயின. 1857 முதல் 1867 வரை ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராகவும் விளங்கினார். அப்பதவியிலிருந்தோர் லத்தீனிற் சொற்பொழிவாற்றும் வழக்கை விட்டு, முதன்முதல் ஆங்கிலத்திற் பேசியவர் அவரே. அப்பொழுதும் பரிசோதகர் பணியை அவர் விடவில்லை.

நிற்க, அவர் பாடசாலைகளை எவ்வாறு மதிப்பிட்டார் என்பதைக் காண்போம். பரிசோதகனுடைய முதற்கடமை கண்டதைக் கண்டவாறே அறிவித்தல் என்று அவர் கொண்டார். பாடசாலை நடத்துவோர் நல்லவர்கள், பணமின்றித் தவிக்கின்றனர், ஆகையால் குறைகளைச் சற்று மூடிவிடுவோம் என்னும் இரக்கத்தை அவர் ஏற்கவில்லை. அவ்விரக்கம் நிர்வாகிகளுக்கு இனிதாயிருக்கலாம், பிள்ளைகளுக்கோ அது தீங்கு. 1852-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, தம் பொறுப்பிலிருந்த பாடசாலைகள் வாங்கும் சம்பளம் மிகுதியாயிருப்பதால், கடைகாரரும் கைத்தொழிலாளரும் தம் மக்களை அனுப்ப, பரம ஏழைகளின் மக்கள் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர் என்று சுட்டினார். மாணவ உபாத்தியாயர்களாகப் பயிற்சி பெற்ற இளைஞர்களிடம் செய்திகள் குவிந்திருந்தும், சுவையும் பண்பட்ட சிந்தையும் குறைவாயிருப்பதை எடுத்துரைத்தார். பிள்ளைகளின் வாசக புத்தகங்கள் உயிரற்ற நடையில் இருப்பதைக் கண்டித்து, நல்ல கவிதைகளை மனப்பாடம் செய்வித்தல் வேண்டுமென வற்புறுத்தினார். கிறிஸ்தவர் நடத்துகின்றனர் என்பதற்காக ஒரு பாடசாலையை அவர் உயர்த்தவுமில்லை. தம் சபையார் நடத்தவில்லை என்பதற்காகத் தாழ்த்தவுமில்லை.

1859-இல் அரசாங்கம் அவரைப் பிரான்சு, ஹாலந்து, சுவிட்சர்லாந்து நாடுகளின் கல்விமுறையைக் கண்டுவர அனுப்பியது. அப்பயணத்தில் தூலூஸ் நகரத்து அரசாங்கப் பாடசாலையையும், சொரேஸ் என்னும் இடத்தில் லக்கோர்தேர் என்ற கத்தோலிக்கத் துறவி நடத்திய தனியார் பாடசாலையையும் கண்டார். முன்னதிற் படிப்பின் ஒழுங்கையும், பின்னதில் ஆசிரியர் மாணாக்கர் உறவின் அன்பையும் கண்டு மகிழ்ந்து, 1864-இல் அவற்றைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பாருடைய தனியார் பாடசாலைகளோ, எவர் சோதனைக்கும் உட்படாமல், விளம்பரத்தையே தகுதியாகக் காட்டி நடந்து வந்தன. சோதனை வேண்டாம் என்றவரல்லர் ஆர்னால்டு. சோதனையே இல்லாத இடத்தில் அதனை வேண்டுமென்று கேட்டவர் அவர். இதனை மனத்திற் கொண்டாலன்றி, அடுத்து வரும் போராட்டம் விளங்காது.

1861-இல் விசாரணைக் குழுவொன்று, ஏழைப் பிள்ளைகளிற் பலர் வாசிப்பும் எழுத்தும் கணக்கும் செவ்வனே அறியாமல் பள்ளியை விட்டுப் போகின்றனர் என்று அறிவித்தது. உடனே, கல்வி இலாகாவின் தலைவர்களுள் ஒருவரான ராபர்ட் லோ என்பவர் புதிய விதித் தொகுதியொன்றைக் கொணர்ந்தார். 1862-இல் அது நிலைபெற்றது. அதன்படி, ஆறு வயதிற்கு மேற்பட்ட பிள்ளையொன்று ஒழுங்காகப் பள்ளிக்கு வந்து, பரிசோதகர் முன் தேறினால் 8 ஷில்லிங் உதவித்தொகை. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் ஒவ்வொன்றில் தவறுவதற்கும் 2 ஷில்லிங் 8 பென்னி குறையும். சராசரி வருகைக்கென 4 ஷில்லிங் தனியே உண்டு. பணம் வீணாகாது, உபாத்தியாயர் சோம்பார், நிர்வாகிகள் ஏமாற்றார் என்று லோவும் அவரைச் சார்ந்தோரும் வாதித்தனர். இவ்வாதம் முற்றும் பொய்யன்று. ஆர்னால்டும் குறைகள் இருப்பதை அறிந்தவரே.

ஆயினும் அவர் அம்முறையை வன்மையாக எதிர்த்தார். அரசாங்க உத்தியோகஸ்தர் தம் மேலதிகாரியின் திட்டத்தைக் கண்டித்தெழுதுவது எளிதா? மனைவி மக்களையுடைய அவர், வேலை போகக்கூடும் என்பதை அறிந்தே, 1862 மார்ச்சில் பத்திரிகையொன்றில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். பழைய முறையில் பரிசோதகர் பாடசாலை முழுவதையும் பார்த்தார்; அதன் ஒழுங்கு, அறிவு, உயிர்ப்பு அனைத்தும் அவர் கண்ணிற் பட்டன. புதிய முறையிலோ பிள்ளைகளைத் தனித்தனியே நிறுத்தி எண்ணிக் கொண்டு போவதே வேலையாயிற்று. பாடசாலை வெறும் எழுத்துக் கணக்குப் பட்டறையன்று; நாகரிகமும் ஒழுக்கமும் எட்டாத வீதிகளில் அவற்றை நாட்டும் நிலையம் என்பது அவர் வாதத்தின் சாரம். எழுதியவர் வேலை போகவில்லை. அவர் எதிர்த்த முறையும் போகவில்லை. எதிர்த்த அதே விதிகளை ஆண்டுதோறும் தம் கையாலேயே நிறைவேற்றும் துன்பம் அவருக்கு வாய்த்தது.

விளைவுகளை அவர் பொறுமையோடு குறித்து வந்தார். 1861-இல் 36 பிள்ளைகளுக்கு ஒருவராக இருந்த மாணவ உபாத்தியாயர், 1866-இல் 54 பிள்ளைகளுக்கு ஒருவராகக் குறைந்ததைக் காட்டினார். பாடசாலைகளில் ஊக்கம் தளர்ந்து, உபாத்தியாயர் பணம் தரும் மூன்று பாடங்களிலேயே முடங்கியதை எழுதினார். 1869-இல் மற்றுமோர் உண்மையை வெளியிட்டார். குறித்த புத்தகத்தை மனப்பாடமாக்கி விட்டால், வாசிக்கவே அறியாத பிள்ளையும் வாசிப்பில் தேறிவிடும். எண்ணின் இயல்பை அறியாத பிள்ளையும் கணக்கில் தேறிவிடும். அளவுகோலில் உயரம் ஏறியது, அறிவில் ஏறவில்லை.

இவ்விடத்தில் நம் சிறுவயது நிகழ்ச்சியொன்று நினைவிற்கு வருகின்றது. நாம் பயின்ற சிற்றூர்ப் பாடசாலைக்கு அதிகாரி வருமுன், கேட்கப்படும் பாடம் இன்னதென்று குறித்து, ஒரு வாரம் அதனையே உருப்போட்டோம். அந்நாள் வந்தது, நம்முள் ஒரு சிறுவன் எழுந்து தட்டாமல் தடுமாறாமல் வாசித்தான். அதிகாரி மெச்சிச் சென்றார். அவன் கையிலிருந்த புத்தகம் வேறு பக்கத்தில் திறந்திருந்ததை அருகிலிருந்த நாம் மட்டுமே கண்டு நகைத்தோம். அச்சிறுவன் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பள்ளியை விட்டு நின்றான். வாசிக்கக் கற்றானா என்று எவரும் கேட்கவில்லை. ஆர்னால்டின் அறிக்கையைப் பற்றி அறிந்த அன்று, அந்த நகைப்புக்காக நாணினோம்.

1868-இல் ஜனவரியில் கைக்குழந்தையையும், நவம்பரில் 16 வயது மைந்தனையும், 1872-இல் 18 வயது மைந்தனையும் ஆர்னால்டு இழந்தார். பஞ்சாப் மாகாணத்தின் கல்வி இலாகாத் தலைவராயிருந்த அவர் தம்பி வில்லியமும், தாயகம் திரும்பும் வழியில் 1859-இலேயே ஜிப்ரால்ட்டரில் மரித்திருந்தார். இத்தனை துயரிடையிலும் அவர் பணி நிற்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய பேரிலக்கியம் வேதாகமம் ஒன்றே என்றுணர்ந்து, 1872-இல் ஏசாயாவின் 40 முதல் 66 வரையுள்ள அதிகாரங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கேற்பப் பதிப்பித்தார். வேதக் கொள்கைகளைப் பற்றி அவர் பின்னர் எழுதியவற்றை நம் சபையாரிற் பலர் ஏற்கார்; நாமும் முற்றும் ஏற்கின்றோமில்லை. ஆயினும் வேதத்தை ஏழையின் சொத்தாகக் கண்ட அவர் கண் நன்றியோடு நினைக்கத் தக்கதே.

1870-இல் அவர் மைத்துனர் பார்ஸ்டர் கொணர்ந்த கல்விச் சட்டத்திற்குப் பின், சபைவாரியான பரிசோதனை ஒழிந்தது. ஆர்னால்டு வெஸ்ட்மின்ஸ்டர் வட்டகையின் பாடசாலைகளைப் பார்வையிட்டு வந்தார். 1886 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் அவ்வட்டகை உபாத்தியாயர்கள் ஒன்றுகூடி அவருக்கு அன்பளிப்பு வழங்கினர். குறை கூறுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு, குறை கூறப்பட்டோரே மாலையிடுவது அரிது அன்றோ? 1888 ஏப்ரல் 15-ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து வரும் மகளை எதிர்கொள்ள லிவர்ப்பூல் நகரம் சென்றவிடத்து, தந்தையாரைக் கொண்டுபோன இருதய நோயே அவரையும் கொண்டுபோயிற்று. பிறந்த லேல்ஹமிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எதிர்த்த முறை 1890-களில் படிப்படியாக நீங்கியது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

அம்முறை கடல் கடந்து நம் சென்னை மாகாணத்திற்கும் 1860-களில் வந்து, மிஷன் பாடசாலைகளையும் பற்றியது. தேறிய தலைகளை எண்ணிக் கிராண்டு வாங்கும் பழக்கம் அன்று வேரூன்றியது. கிராண்டு முறை மாறிய பின்னரும், தலைகளை எண்ணும் மனப்பான்மை நம்மை விட்டு நீங்கினதா? தேர்வு முடிவு வெளியானவுடன் பாடசாலை வாயிலில் நூற்றுக்கு இத்தனை என்று தொங்கும் துணிப் பலகைகளே விடை கூறும்.

நம் கிறிஸ்தவப் பாடசாலைகளை நாம் நேசிக்கின்றோம். அவற்றில் எழுத்தறிந்தோம், அவற்றால் வாழ்வு பெற்றோம். நேசிப்பவர் செய்யவேண்டுவது இரண்டு என்று ஆர்னால்டின் வாழ்க்கை கற்பிக்கின்றது. நம்முடையது என்பதற்காகக் குறையை மூடலாகாது. எண்ணிக்கை மிகுந்தது என்பதற்காக நிறைவென்று கொள்ளலாகாது. வாயிலில் நின்றுவிட்ட ஏழைப் பிள்ளை உள்ளே வந்ததா, உள்ளே வந்த பிள்ளை பாடமில்லாத புத்தகத்தையும் விரித்து வாசிக்கின்றதா என்னும் இரண்டு கேள்விகளே உரைகல். நம்முள் உபாத்தியாயராகப் போகிறவர் பலர். ஓரிருவர் அதிகாரிகளாகவும் ஆகலாம். அன்று ஒரு சிறுவன் தட்டாமல் தடுமாறாமல் வாசிப்பானாயின், அவன் அருகிற் சென்று, திறந்திருக்கும் பக்கத்தை ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.