ஆபிரகாம் பண்டிதரும் செவியின் தீர்ப்பும்

இசைத்தமிழின் ஆழங்கண்ட அறிஞருள் முன்னிற்பவர் ஆபிரகாம் பண்டிதர். அவர் 1859ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்தார். திண்டுக்கல்லிற் பயின்று ஆசிரியரானார். பின்னர்த் தஞ்சையிற் சித்த மருத்துவராய்ப் புகழும் பொருளும் ஈட்டினார். அப்பொருளை இசையாராய்ச்சிக்கு ஈந்து, 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, மாநாடுகள் பல கூட்டினார்.

ஒரு ஸ்தாயிக்குச் சுருதி 22 என்பது வடநூல் வழக்கு. பண்டிதரோ சிலப்பதிகாரத்தை ஆய்ந்து, அவை சமமாகிய 24 என்றார். மூன்றுக்கிரண்டு என்னும் அளவாற் பிறக்கும் பஞ்சமம், சமப்பகுப்பின் பஞ்சமத்தினின்றும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய 50இல் ஒரு கூறே வேறுபடும். தனித்து நிற்குங்கால் அது செவிக்கெட்டுவது அரிது. பன்னிருமுறை அடுக்கினாலோ அரைச்சுரத்தின் காற்பங்கை அணுகும். ஆதலின் இது வெறுங்கணக்கன்று. வீணையின் மெட்டுக்களை எங்கே அமைப்பது என்னும் வினாவாம்.

பண்டிதர் ஏட்டளவில் அமைந்தாரல்லர். 1916இல் பரோடாவிற் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில், தம் புதல்வியரைக்கொண்டு தம் கொள்கையை இசைத்துக் காட்டினார். 1917இல் அவரது கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1919இல் அவர் மறைந்தார். அவர் முடிபை அறிஞர் அனைவரும் ஏற்றிலர்.

இந்நாளில், நொடிக்கு 44,100 மாதிரிகளையுடைய குறுந்தட்டொலியினும் 96,000 உடையது சிறந்ததென விற்கின்றனர். எது எதுவென அறிவியாது கேட்பித்த சோதனைகளை 2016இல் தொகுத்தாய்ந்தபோது, வேறுபாடறியும் ஆற்றல் சிறிதளவே புலப்பட்டது. எண் பெரிதாதல் மட்டும் போதாது. அவையோர் செவிமுன் வைத்தல் வேண்டும். பண்டிதர் வாழ்வினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவேயெனக் கருதுகின்றோம்.