றொபேட் நொக்ஸ் கொண்டு சென்ற சொற்கள்

ஆங்கில அகராதியில் வழக்கருகிய சொல்லொன்று எதிர்ப்படின், அது கடலுக்கப்பாற் பிறந்ததென்றே நம் மாணவர் எண்ணுவர். எழுத்துக் கூட்டி ஒருவாறு உச்சரித்து அப்பாற் செல்வர். அத்தகைய சொற்களுட் சில, இக் கண்டி மலைநாட்டிலே செவியாற் கேட்டு எழுதப்பட்டவை. எழுதியவர் றொபேட் நொக்ஸ்.

1641ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், கப்பற்றலைவரான தந்தையாருடன் 'ஆன்' என்னுங் கலத்திற் கீழைநாடு வந்தார். 1659இற் புயலாற் பாய்மரமிழந்த அக்கலம், செப்பனிடுதற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அடுத்த ஆண்டில், மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் பலரையும் சிறைப்பிடித்துக் கண்டி இராச்சியத்துட் கொண்டுபோயினர். 1661இல் தந்தையார் நோயுற்று மாண்டார். ஊரார் கைகொடாமையால், தாமும் நோயினால் நலிந்திருந்த மைந்தர் பணியாளன் ஒருவனுடன் அவரை அடக்கஞ் செய்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

சிறையென்பது பூட்டிய அறையன்று. நாட்டெல்லை கடவாதிருத்தலே சிறை. தொப்பி பின்னியும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், ஊரூராய்ப் பண்டம் விற்றும் அவர் பிழைத்தார். உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்தவில் நிலமும் வாங்கினார். சுற்றியோர் பேசிய சிங்களத்தைப் பழகிக் கற்றார். கையிலிருந்த இரண்டு சமயநூல்களை மனப்பாடமாகும்வரை படித்தார். பின்னர் முதியவரொருவரிடமிருந்து ஆங்கில விவிலியம் ஒன்று கிடைத்தது. அதன் விலை பின்னிய தொப்பியொன்று! தாய்மொழி அவர் நாவிற் பட்டுப்போகாமற் காத்தவற்றுள் இந்நூல்கள் முதன்மையானவை என்பது என் கருத்து.

1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்பவருடன் வணிகர்போல் வடதிசை சென்று, மல்வத்து ஓயாவின் கரைவழியே காடு கடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். பத்தொன்பது வயதிற் சிறைப்பட்டவர் முப்பத்தெட்டில் மீண்டார். 1681இல் அவரது இலங்கை வரலாறு இலண்டனில் வெளிவந்தது. அறிஞர் றொபேட் ஹூக் முகவுரை வழங்கினார்.

அகராதிக்கெனச் சொற்றிரட்ட அவர் எண்ணியவரல்லர். ஆயினும் புத்தர் பெயருக்கு ஒக்ஸ்போட் அகராதி அவர் நூலைச் சான்று காட்டுகின்றது. வேடரின் பெயரும் அந்நூலில் உண்டு. 'டலிபொட்' என்னும் பனையைப் பற்றி அவர் கூறுவது சுவையானது. அதன் ஓரிலை பதினைந்து இருபது பேரை மழையினின்றும் மறைக்குமாம். அது நம் தாளிப்பனையே. ஈற்றிலுள்ள 'பொட்' பானையன்று, ஓலையைக் குறிக்கும் 'பத' என்னுஞ் சிங்களச் சொல்லின் சிதைவு, வடமொழியிற் பத்திரம். அரசமரத்தை ஆங்கிலர் 'போ' மரமென்பது கேட்டு, நம் ஏவல் வினையென்று நகைக்கவும் வேண்டா. சிங்களத்தில் அது 'போகஹ'. 'போ' என்பது போதியின் குறுக்கம். எழுத்தை மட்டும் நோக்குவோர்க்கு மறைந்த ஒலி, இம்மலைநாட்டு மக்கள் நாவில் இன்றும் வழங்குகின்றது.

பின்னாளில் நொக்ஸ் கப்பற்றலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கும் பணியிலும் ஈடுபட்டார். சிறைத்துயரின் கொடுமையறிந்தவர் இதற்கு உடன்பட்டமை உள்ளத்தை உறுத்துகின்றது. முதுமையிலும் தம் நூலுக்குப் புதிய குறிப்புக்களைச் சேர்த்துக்கொண்டேயிருந்த அவர், 1720இல் மணமாகாதவராகவே காலமானார்.